சிமியோன் குடித்த வெளிச்சம்

குருநகரில் மனைவியின் தம்பிக்கு முன்னால் தினமும் முழங்காலில் நிற்கும் ஒரே ஆண்பிள்ளை நான்தான்.

எங்கள் ஹோலில் திருஇருதய ஆண்டவர் படம் தொங்குகிறது. பக்கத்தில், அதைவிடப் பெரிய சட்டத்துக்குள், அந்தத் தம்பி சிமியோன் கனடாவிலிருந்து அனுப்பிய படம். பனிக்குள், கறுப்புக் கண்ணாடியோடு, யாரோ ஒருவருடைய காரில் சாய்ந்து நிற்கிறான். பின்னேரச் செபமாலைக்கு நான் முழங்காலில் நின்றால் ஆண்டவர் சற்றுத் தள்ளி. என் மூக்குக்கு நேரே சிமியோன். "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று சொல்லும்போதெல்லாம் அவன்தான் பல்லைக் காட்டுகிறான்.

அவனைக் கழற்றியே தீருவதென்று முடிவெடுத்தேன். சண்டை பிடித்தல்ல, விஞ்ஞானத்தால்.

நான் பழைய ஸ்ரூடியோக்காரன். வெளிச்சம் அளக்கும் என் மீற்றரைக் கண்டால் சூரியனே கொஞ்சம் நிமிர்ந்து நிற்கும். மனைவி மக்டலீனை இருத்தி விளக்கினேன். வெளிச்சத்தின் பலத்தை அது விழும் நேரத்தால் பெருக்கினால், படம் குடித்த வெளிச்சம் வரும். குடித்த அளவுக்கு நிறம் போகும். ஹோலில் வருடக்கணக்காகக் குடிப்பதை முற்றத்து வெயிலில் சில கிழமைகளில் குடித்துவிடும்.

சிமியோன் அதே படத்தில் இரண்டு பிரதி அனுப்பியிருந்தான். ஒன்றோடு எங்களுக்கு ஆசை தீராதாம். இரண்டாவதில் பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, கண்ணாடிக்குக் கீழே, கருவாட்டுப் பாயில் சூடைமீனுக்குப் பக்கத்தில் காயப்போட்டேன். அந்த வெயிலில் ஒரு காகம் பறந்தபடியே பொரிந்து விழுந்தது. மக்டலீன் நம்பவில்லை. நீங்களாவது நம்புங்கள்.

சில கிழமை கழித்து, மக்டலீன் பார்த்திருக்க ஹோலை அளந்தபோது மீற்றரை மெல்ல யன்னல் பக்கம் சரித்தேன். முள்ளு துள்ளிப்போய் மறுகரையில் இடித்தது. பிறகு முற்றத்துப் படத்தின் தாளை உரித்தேன். மூடிய பாதி சிமியோன். மற்றப் பாதி வெளுத்த பழந்துணி.

"பார்த்தீரே, உம்மடை தம்பி கரையிறான். பெட்டிக்குள்ளை வையும்."

"பெட்டிக்குள்ளை பூச்சி அரிக்குமப்பா. வீட்டிலை ஆக வெளிச்சம் குறைஞ்ச இடம் எது? உந்த மீற்றராலை ஒருக்காப் பாருங்கோவன்."

கல்யாணம் முடித்த நாள்தொட்டு அவள் என் வித்தையை மதித்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. புளுகமும் சந்தோசமுமாய்க் குசினி தொடங்கி அறை அறையாக அளந்தேன். படுக்கையறையில், கட்டிலின் கால்மாட்டுச் சுவரில், முள்ளு அசையவேயில்லை.

"இஞ்சை உலகம் முடியுமட்டும் நிறம் போகாது" என்றேன் வீரமாக.

மீன் வாங்கப் போய்த் திரும்பினால், அந்தச் சுவரில் இரண்டு ஆணி. ஒன்றில் சிமியோன் தொங்கினான். மற்றது ஆருக்கென்று கேட்டேன்.

"ஆண்டவருக்கு. அவரும் அச்சடிச்ச படந்தானே. யன்னல் வெளிச்சம் அவரை மட்டும் விடுமோ? இல்லை, நீங்கள் மீற்றரைச் சரிச்சுப் பிடிச்சதாலைதான் முள்ளு துள்ளினதெண்டால் சொல்லுங்கோ. இரண்டையும் திருப்பி ஹோலிலை கொழுவிறன்."

ஆண்டவரை நானே தூக்கிவந்து மற்ற ஆணியில் கொழுவினேன். செபமாலையும் படுக்கையறைக்கு வந்துவிட்டது.

முன்பென்றால், செபம் முடிந்ததும் சிமியோனை விட்டு எழும்பிப் போகவாவது முடிந்தது.