என் மேலயும் ஒரு கேஸ் போடுங்க

வழக்கறிஞர் தரணிதரன் பி.ஏ., பி.எல். அவர்களிடம் பதினாறு வருட காலமாகக் குமாஸ்தாவாகப் பணிபுரியும் ஆறுச்சாமி ஆகிய நான், நல்ல நினைவோடும் பிறர் தூண்டுதல் இன்றியும் சொல்லிக்கொள்வது என்னவென்றால், இந்தக் கதையில எங்க தாலுக்கா பேரு வராதுங்க. சொன்னா மானநஷ்ட வழக்கு வரும். தேவாலாவுக்கு மேல எங்கியோ நடந்ததுன்னு வெச்சுக்கங்க.

2001ஆம் வருஷம். பச்சைத் தேயிலை விலை கிலோ நாலு ரூபாய்க்கு வந்து படுத்துக்கிட்டது. இலை விழுந்தா வக்கீலுக்கு என்னன்னு கேப்பீங்க. ஏனுங்க, சண்டை போடறதுக்கும் தெம்பு வேணுமில்லீங்களா? பாகத்தைப் பிரின்னு குதிச்சுக்கிட்டிருந்த அண்ணந்தம்பிக, இப்பப் பிரிச்சா நஷ்டத்துலதான் பங்கு வரும்னு ஒரே இலையில சாப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. ஜீவனாம்சம் குடுக்க வக்கில்லாம புருஷன் பொண்டாட்டிக ஒத்துமையாயிட்டாங்க. பேக்டரி மூடினதால தொழிலாளர் தகராறு இல்லை. களவாட ஒண்ணுமில்லாததால கிரிமினலும் போச்சு. சட்டத்தில எந்தப் பக்கம் திரும்பினாலும் ஈ ஓட்டிக்கிட்டிருந்தோம்.

இதுக்கு வழி தேடி எங்க வக்கீல் ஊட்டிக்குப் போய் ரெண்டு நாள் கருத்தரங்கில உக்காந்துட்டு வந்தார். தலைப்பு: "பல்துறைச் சட்டங்களில் வழக்கறிஞர்கள் எதிர்கொள்ளும் சமகாலச் சிக்கல்கள்." திரும்பி வரும்போது கையில ஒரு ரெக்சின் பையும் மனசுல ஒரு தெளிவும் இருந்தது. மறுநாளே போர்டை மாத்தி எழுதச் சொன்னார். சிவில், கிரிமினல், நுகர்வோர், சுற்றுச்சூழல், அப்புறம் கடைசியில சிவப்பு மையில சைபர் சட்டம். அந்த வருஷத்து பேஷன் அதுதானுங்க. எங்க ஊர்ல அப்போ மொத்தம் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது, அதுவும் ஜாதகம் பாக்கறவர்கிட்ட. போர்டு மாட்டின மாசத்தில ஒரே ஒருத்தர் உள்ள வந்தார். ஜெராக்ஸ் எடுப்பீங்களான்னு கேட்டுட்டுப் போயிட்டார்.

எங்களுக்கு நிலையான கட்சிக்காரர்னு பாத்தா லிட்டில்மோர் எஸ்டேட் கம்பெனி ஒண்ணுதான். எஸ்டேட்டை மூடியாச்சு, ஆனா லயத்தில, அதான் தொழிலாளிகளுக்குக் கட்டின வரிசை ஊடுகள்ல, அறுபத்தோரு குடும்பம் போக்கிடம் இல்லாம அப்படியே இருந்தது. எல்லாம் சிலோன்ல இருந்து வந்த ஜனங்க. அவங்களைக் காலி பண்ண வைக்கணும்னு கம்பெனிக்கு ஆசை, செலவு பண்ண மனசில்லை. அதனால முன்மாதிரிக்கு ஒரே ஒரு ஆள் மேல மட்டும் வழக்குப் போட்டு வெச்சிருந்தோம். யூனியன் ஆளு தங்கையா மேல.

ஆகஸ்ட் முதல் வாரம் ஒரு வேலையா தாலுக்கா ஆபீஸ் போயிருந்தேன். வருவாய் ஆய்வாளர் லிங்கசாமி மேசைக்கு முன்னால ஒரு அம்மா நின்னுக்கிட்டிருந்தாங்க. பேரு சின்னம்மை, மூணாம் லயம், எழுபத்திரண்டில கப்பல்ல வந்து இறங்கினதில இருந்து கொழுந்து பறிச்சவங்க. புருஷன் இல்லை. ஒரே மக சுமலதா பிளஸ் டூவில நல்ல மார்க்கு, கோயமுத்தூர்ல நர்சிங் படிக்க சீட்டு வந்திருச்சு. பதினேழாந்தேதிக்குள்ள இருப்பிடச் சான்று கொண்டுபோய்க் குடுக்கணும். குடுக்கலைன்னா சீட்டு அடுத்த ஆளுக்குப் போயிரும்.

"ஏனுங்கம்மா, எஸ்டேட்டை மூடியாச்சுங்களா இல்லீங்களா?" லிங்கசாமி ரொம்ப மரியாதையாத்தான் கேட்டார்.

"மூடியாச்சுங்கய்யா."

"மூடின எஸ்டேட்டுல எப்படிங்க ஆள் குடியிருக்க முடியும்?"

"நான் இருக்கேனுங்களே."

"அது உங்க சொந்த அபிப்பிராயம். அரசாங்கம் அதை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது."

"ரேசன் கார்டுல வெலாசம் இருக்குதுங்கய்யா."

"எஸ்டேட் பேருதானே போட்டிருக்கு? எஸ்டேட்டு மூடினப்பவே விலாசமும் மூடினதா அர்த்தம்."

அந்த அம்மா அழுகலை. கார்டை மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டாங்க. அதே நேரம் பின்னால இருந்து தங்கையா ஒரு காகிதத்தை நீட்டினார், முதியோர் பென்சனுக்கு இருப்பிடச் சான்று கேட்டு. நாங்க அனுப்பின சம்மன். கோர்ட்டு முத்திரையைப் பாத்ததும் லிங்கசாமி உக்காந்த இடத்தில இருந்து அரை அடி எந்திரிச்சார். "தங்கையா, வயது அறுபத்தொண்ணு, நாலாம் லயம், ஏழாம் காம்பராவில் வசிப்பவர். இதோ, கோர்ட்டே சொல்லுதே" அப்படின்னு படிச்சுக் காட்டிட்டு, அங்கியே சான்று எழுதி சீல் போட்டுக் குடுத்துட்டார். ஒருத்தர் ஒரு ஊட்டுல குடியிருக்கார்ங்கறதுக்கு அரசாங்கம் ஒத்துக்கற ஒரே ஆதாரம், அவரை அந்த ஊட்டை விட்டு முடுக்கச் சொல்லி வந்த காகிதம்னு அன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சது.

சின்னம்மைக்கும் புரிஞ்சிருச்சு. மறுநாள் காலையில எங்க ஆபீஸ் வாசல்ல நின்னாங்க.

"கிளாக்கரய்யா, என் மேலயும் ஒரு கேஸ் போடுங்க."

உள்ள இருந்து வக்கீல் எட்டிப் பாத்தார். "நாங்க கம்பெனி வக்கீலும்மா. உங்களைக் காலி பண்ணச் சொல்றவங்க."

"அதேதாங்க வேணும். நான் அங்க இருக்கேன்னு சொல்றது நீங்க மட்டுந்தானே."

கேஸ் போடாதீங்கன்னு கால்ல விழுந்தவங்களைப் பாத்திருக்கோம். போடுங்கன்னு வந்தவங்களுக்கு என்ன சொல்றதுன்னு எந்தக் கருத்தரங்கிலயும் சொல்லித்தரலை. வக்கீல் கம்பெனிக்கு போன் போட்டு, "பிரதிவாதிகள் தாமாகவே முன்வந்து ஒத்துழைக்கிறார்கள், இந்த வாய்ப்பு மறுபடி வராது" அப்படின்னார். சாயங்காலத்துக்குள்ள மொத்த லயமும் எங்க வாசல்ல வரிசையில நின்னது. ஒரு பெரியவர் பேரு விட்டுப்போச்சுன்னு அவர் மருமக என்கிட்ட சண்டைக்கே வந்திருச்சு.

இங்க ஒரு உண்மையை ஒத்துக்கறேன். எஸ்டேட் எல்லையை ஒட்டி நானும் ஒரு ஓட்டு ஊடு கட்டியிருந்தேன். பட்டா கிடையாது, அதனால பதினோரு வருஷமாக் கரண்டும் கிடையாது. "ஊருக்கெல்லாம் கேஸ் போடறீங்களே, நமக்கு ஒண்ணு போட்டுக்கத் துப்பில்லையா" அப்படின்னு என் சம்சாரம் கனகமணி ராத்திரி பகலா இடிச்சுச் சொல்லவும், மனு டைப் அடிக்கறப்போ அறுபத்து ரெண்டாவதா என் பேரையும் சேத்துட்டேன். வக்கீல் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். அவர் எப்பவும் அப்படித்தான்.

சம்மனைக் கொண்டுபோய்ச் சேக்க வேண்டியது கோர்ட்டு அமீனா முத்துவேல். போன வேகத்தில திரும்பி வந்தார்.

"அங்க யாரும் குடியிருக்கறதா ரிக்கார்டு இல்லீங்களே. இருப்பிடச் சான்று இருந்தாக் குடுங்க, சம்மன் குடுக்கறேன்."

"அதை வாங்கத்தானுங்க இந்தச் சம்மன்" அப்படின்னேன்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. ஆள் இருக்காங்கன்னு தெரியாம நான் எப்படி ஆளைப் பாக்கறது?"

நியாயம்தானே. கடைசியில ஒரு வழி கண்டுபிடிச்சோம். எஸ்டேட்டுல சட்டப்படி குடியிருக்கறவர்னு சான்று வெச்சிருந்த ஒரே மனுஷர் தங்கையா. அவர் முன்னால நடந்து ஒவ்வொரு காம்பராவையும் காட்டி, இது இன்னார் ஊடுன்னு சாட்சிக் கையெழுத்துப் போட, அமீனா கண்ணு திறந்து மீதி அறுபத்தோரு சம்மனையும் அவங்கவங்க கையில குடுத்துச் சார்வு பண்ணினார்.

அதுக்கப்புறம் லயத்தில வந்த மவுசைச் சொல்லணுமே. சம்மனை லேமினேட் பண்ணி முருகர் படத்துக்குப் பக்கத்தில மாட்டினாங்க. பொண்ணு குடுக்க வந்தவங்க, "மாப்பிள்ளை பேர்ல கேஸ் இருக்குதுங்களா" அப்படின்னு விசாரிச்சாங்க. பட்டா இல்லாத கடைக்காரங்க ரெண்டு பேர், எங்க மேல யாராச்சும் வழக்குப் போடுவாங்களான்னு கேட்டுட்டுப் போனாங்க. எங்க வக்கீல் போர்டில "சைபர்" அழிஞ்சு "குடியிருப்புச் சட்ட நிபுணர்"னு ஏறுச்சு.

பதிமூணாந்தேதி சின்னம்மை சம்மனை எடுத்துக்கிட்டு லிங்கசாமிகிட்டப் போனாங்க. அதுக்குள்ள மேல இருந்து சுற்றறிக்கை வந்திருந்தது. சம்மன்ங்கறது வெறும் குற்றச்சாட்டு. குடியிருக்கார்னு வாதி சொல்றார், அவ்வளவுதான். அது நிரூபணம் ஆனாத்தான் சான்று. ஆகவே வெளியேற்றத் தீர்ப்பின் நகல் கொண்டுவரவும்.

இன்னும் நாலே நாள், அதில ஒண்ணு சுதந்திர தினம். அந்தம்மா நேரா எங்க ஆபீசுக்கு வந்தாங்க.

"கிளாக்கரய்யா, நான் தோத்துப்போயிடுறேன். சீக்கிரமா தோக்க வழி சொல்லுங்க."

"எல்லாத்தையும் ஒத்துக்கிட்டா உடனே தீர்ப்பாயிருமுங்க" அப்படின்னேன். அதோட நிறுத்தியிருக்கலாம். "பயப்படாதீங்கம்மா, வெறும் காகிதம். இந்த விலைக்கு எஸ்டேட்டை எவன் வாங்கப்போறான்? யாரு வந்து காலி பண்ணப்போறாங்க?" அப்படின்னும் சொன்னேன். நான் சொன்னதை நம்பி மத்தவங்களும் வந்தாங்க.

பதினாறாந்தேதி கோர்ட்டு நிறைஞ்சிருச்சு. முனிசீப் அய்யா புதுசு, வயசும் கம்மி.

"உங்க மேல என்ன வழக்குன்னு தெரியுமாம்மா?"

"தெரியுமுங்கய்யா. நான் அங்க குடியிருக்கேன்னு வழக்கு."

"ஒத்துக்கிறீங்களா?"

"இருவத்தொம்பது வருசமா அதைத்தாங்கய்யா ஆபீசு ஆபீசா சொல்லிக்கிட்டு வாறேன். இன்னைக்குத்தான் ஒருத்தர் எழுதிக்கிறாரு."

முனிசீப் பேனாவைக் கீழ வெச்சுட்டார். "ஒத்துக்கிட்டா மூணு மாசத்தில ஊட்டைக் காலி பண்ணணும். புரியுதா?"

"புரியுதுங்க. நாளைக்குப் பதினேழாந்தேதிங்க."

அவர் பேனாவை மறுபடி எடுத்து எழுத ஆரம்பிச்சார். பாகப்பிரிவினை வழக்கு பேரன் காலம் வரைக்கும் ஓடற கோர்ட்டில அறுபத்திரண்டு வழக்கு ஒரே நாள்ல முடிஞ்சது. ரெண்டு கட்சியும் ஒரே தீர்ப்பைக் கேட்டா நீதி தாமதமாகிறதில்லைங்க. வெள்ளிக்கிழமை காலையில எல்லாருக்கும் சான்று கிடைச்சு, மத்தியானம் சுமலதா கோயமுத்தூர்ல சேந்திருச்சு. நான் எங்க ஊட்டுக்குக் கரண்டுக்கு எழுதிப்போட்டேன். லயத்தில பாயசம் வெச்சாங்க, எனக்கும் ஒரு தூக்குப்போசி நிறையக் குடுத்தனுப்பினாங்க.

நவம்பர்ல ஒரு ரிசார்ட்டுக்காரர் எஸ்டேட்டைப் பாக்க வந்தார். அவருக்கு இலை விலையைப் பத்திக் கவலையில்லை, மூடுபனிதான் வேணுமாம். ஆள் இல்லாம வேணும்னார். கம்பெனி கையில ஏற்கனவே அறுபத்திரண்டு தீர்ப்பு இருந்தது. எங்க வக்கீல் நிறைவேற்று மனு போட்டார். டைப் அடிச்சது நான்தான். அமீனா முத்துவேல் வழக்கம்போல, "அங்க யாரு குடியிருக்காங்கன்னு நான் எப்படிங்க தெரிஞ்சுக்கறது" அப்படின்னார். வக்கீல் அதுக்கும் தயாரா இருந்தார். லிங்கசாமி கையெழுத்துப் போட்ட இருப்பிடச் சான்று, பேரு, லயம், காம்பரா நம்பரோட, நகல் அத்தனையும் மனுவோட இணைச்சுக் குடுத்தார். இந்தத் தடவை முத்துவேல் யாரையும் வழி கேக்கலை. ஒரே நாள்ல முடிச்சுட்டார், என் ஊட்டையும் சேத்து. கரண்டு கம்பம் அதுக்கு முந்தின நாள்தான் நட்டிருந்தாங்க.

இப்போ தேவாலா ரோட்டோரம் பூட்டிக் கிடந்த ஒரு இலை எடைபோடற கொட்டகையில இருக்கோம். நடுவில ஒரு தார்ப்பாய், அந்தப் பக்கம் சின்னம்மை, இந்தப் பக்கம் நாங்க. முதல் நாள் அவங்க மூஞ்சியைப் பாக்க எனக்கு வெக்கமா இருந்தது. மன்னிச்சுக்கங்கம்மான்னு சொன்னேன். "தெரிஞ்சுதான் ஒத்துக்கிட்டேன் கிளாக்கரய்யா. புள்ள படிக்குது" அப்படின்னாங்க. அந்தப் புள்ளைகிட்ட இருந்து போன வாரம் கடுதாசி வந்தது. ஸ்காலர்ஷிப்புக்கு இப்போதைய வீட்டு விலாசத்தோட புதுச் சான்று வேணுமாம், மாசக் கடைசிக்குள்ள.

ரெண்டு பேரும் லிங்கசாமி முன்னால போய் நின்னோம். "கொட்டகையில இருக்கீங்கன்னா சந்தோஷம். அதுக்கு ஒரு தீர்ப்பு கொண்டுவாங்க" அப்படின்னார். சின்னம்மை என்னைத்தான் பாத்தாங்க.

"நம்மள அங்க இருந்து வெரட்டுறதுக்கு யாரைங்கய்யா கேக்கணும்?"

விசாரிச்சதில கொட்டகை இன்ன டிபார்ட்மெண்டோடதுன்னு தெரிஞ்சது. மேற்படி கொட்டகையில் அத்துமீறிக் குடியிருக்கும் எங்கள் மீது தயவுகூர்ந்து உடனடியாக வழக்குத் தொடுத்து வெளியேற்றுமாறு ரெண்டு பேரும் சேந்து ஒரு மனு அனுப்பினோம். நேத்துப் பதில் வந்திருச்சு. மனு பரிசீலனையில் உள்ளதாம், மனுதாரர்கள் அங்கு குடியிருப்பதற்கான இருப்பிடச் சான்றை இணைத்து மீண்டும் அனுப்ப வேண்டுமாம்.