சாரத்தைக் காத்த பல் மருத்துவர்

பழைய கோபுரம் ஒன்று நிற்கிற ஊர் எதுவானாலும் சரி, அதன் நிழலில் கோபுரக் காவலர் என்றொரு பிறவி தானாகவே முளைத்துவிடும். அவரை யாரும் நியமிப்பதில்லை, சம்பளம் கிடையாது, அதனாலேயே வேலையை விட்டு நீக்கவும் வழியில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அண்ணாந்து பார்த்தபடியே நடந்து, எதிரே வரும் சைக்கிள்காரர்களின் வசவையெல்லாம் வாங்கிக்கொண்டு, ஏணியோடு யாராவது தென்பட்டால் "இதுக்கு யாரு அனுமதி குடுத்தது?" என்று நிறுத்துவாரே, அவரேதான். உங்களுக்கு அவரைத் தெரியாதா என்ன?

எங்கள் ஸ்டாக்ஹோமில், சோடர்மால்ம் மேட்டுத் தேவாலயத்துக்கு வாய்த்தவர் தோர்கெல் ஹெட்லுந்த். ஓய்வுபெற்ற பல் மருத்துவர். வேலையில் இருந்த காலமெல்லாம் ஊரார் வாயிலிருந்து பழையதை ஈவிரக்கமின்றிப் பிடுங்கி எறிந்தவர், ஓய்வு பெற்றதும் ஒரு செங்கல்லைக்கூட அசைய விடமாட்டேன் என்று நின்றார். வாசற்படி ஓரம் சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் போட வந்தார்கள், எதிர்த்தார். தெருமுனைக் குப்பைத் தொட்டிக்கு நிறம் மாற்றினார்கள், எதிர்த்தார். கோபுரத்தைப் பழுதுபார்க்க இரும்புச் சாரம் கட்டியபோது, தேவாலயத்தைக் கூண்டில் அடைக்கிறார்கள் என்று மழையில் நின்று கத்தினார்.

சாரம் ஏறியது. இறங்கவில்லை. ஒப்பந்தக்காரருக்கும் திருச்சபைக்கும் தகராறு முற்றி வழக்காகி, தள்ளுவண்டியில் படுத்தபடி அதைப் பார்த்த குழந்தைகள் அதன் மறைவிலேயே திருட்டுத்தனமாகச் சிகரெட் பிடிக்கிற வயதுக்கு வந்துவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில் தோர்கெலின் ஒரே மகள் இல்வாவுக்குக் கல்யாணம் முடிவாயிற்று. சின்ன வயதிலிருந்து ஜன்னல் வழியே பார்த்த தேவாலயத்தில்தான் கல்யாணம் என்று சொல்லிவிட்டாள். பாதிரியார் ஆக்னெட்டாவும் மகிழ்ந்துபோய், வழக்குதான் முடிந்ததே, கல்யாணத்துக்குள் சாரத்தைப் பிரித்துவிடலாம் என்று வாக்குக் கொடுத்தார். அப்பா சந்தோஷப்படுவார் என்று இல்வா நினைத்தாள். அவளுக்கு அப்பாவைத் தெரிந்தது அவ்வளவுதான்.

சபைக் கூட்டத்தில் எல்லோரும் ஏலக்காய் பன்னைக் காபியில் நனைத்துக்கொண்டிருந்தபோது தோர்கெல் எழுந்தார். இந்தச் சாரம் இந்த வட்டாரத்தின் அடையாளம் என்றார். படகில் வருகிறவர்கள் இதைத் தூரத்தில் கண்டால்தான் வீடு வந்து சேர்ந்த நிம்மதி அடைகிறார்கள் என்றார். துருவின் நிறத்துக்கும் மாலை வெயிலுக்கும் உள்ள உறவைக் காபி ஆறும்வரை விளக்கினார்.

ஆக்னெட்டா கோப்பையைக் கீழே வைத்தார். "தோர்கெல், இதைக் கட்டவே கூடாதுன்னு கத்தினது நீங்கதானே?"

"அப்போ அது புதுசு."

பின்வரிசையில் நாலு பேர் தலையாட்டினார்கள். ஒரு குழு அமைந்தது. குழு ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, சாரம் காப்பாற்றப்பட வேண்டியதுதான், ஆனால் துருவேறி ஆட்டம் கண்டிருக்கிறது, செப்பனிட வேண்டும் என்றது. செப்பனிட மேலே ஏற வேண்டுமே? சாரத்தைச் சுற்றி இன்னொரு சாரம் கட்டினார்கள்.

தோர்கெல் கொதித்துப்போனார். புதுச் சாரம் பழைய சாரத்தின் அழகை மறைக்கிறதாம்.

அன்று இரவுச் சாப்பாட்டில் இல்வா மீனைத் தொடவில்லை. "அப்பா, உங்களுக்கு நான் முக்கியமா, அந்தக் கம்பி முக்கியமா?"

தோர்கெல் யோசித்தார். யோசித்ததுதான் தப்பு. மனைவி குன்வோர் உருளைக்கிழங்குப் பாத்திரத்தை அவருக்கு எட்டாத பக்கம் நகர்த்தி வைத்தாள்.

கல்யாணம் ஏரிக்கரையில், மரப் படகுத்துறை ஒன்றின் மேல் நடந்தது. காற்றில் பறந்த முக்காட்டைப் பிடித்துக்கொண்டு மகள் சிரித்தபோது தோர்கெலுக்கு எல்லாம் மறந்தது. கோபுரம் மறந்தது, சாரம் மறந்தது. வெகுகாலத்துக்குப் பிறகு மனிதர் அண்ணாந்து பார்க்காமல் நேராகப் பார்த்தார். திருந்திவிட்டார் என்று குன்வோர்கூட நம்பி, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த வசந்தத்தில் பனி உருகியதும், உளுத்துப்போன அந்தத் துறைப் பலகைகளை மாற்ற ஆட்கள் வந்தார்கள். நட்டநடுவில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் தோர்கெல். "என் பொண்ணு கல்யாணம் நடந்த இடம். ஒரு ஆணியக்கூடத் தொடக் கூடாது."

வேறு வழியில்லாமல் இல்வாவுக்கு ஃபோன் செய்தார்கள். வந்தாள். எழுந்திருக்கச் சொல்லி அதட்டினாள், கெஞ்சினாள். பிறகு தான் அன்று நின்ற பலகையைக் குனிந்து பார்த்தாள். ஆட்கள் அதன் ஓரத்தில் கடப்பாரையைச் செருகினார்கள்.

"கொஞ்சம் தள்ளி உட்காருங்கப்பா," என்றபடி இல்வாவும் அந்தப் பலகைமேல் உட்கார்ந்தாள்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டுக் கூடத்தில், படம் வராமல் போய் வருஷக்கணக்காகியும் பூவேலை விரிப்புப் போர்த்தி வைத்திருக்கிறீர்களே அந்தப் பெட்டி டிவி, அதை இன்று சாயங்காலம் யாராவது பழைய சாமான்காரரிடம் போடத் தூக்கட்டும். "அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே, உங்களை என்ன பண்ணுது?" என்று முதலில் எழும் குரல் யாருடையது என்று மட்டும் கவனித்துக் கேளுங்கள்.