நாற்காலியின் உயரம் தொடர்பாக

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் இல்லத்தாரும் நலமாக இருப்பதாக, மறுப்புச் செய்தி ஏதும் வராத நிலையில், கருதிக்கொள்கிறேன். இங்கும் நலம் என்று எழுதுவதே மரபு. பொய்யான வாக்குமூலம் அளித்துப் பழக்கமில்லாததால், 'உயிரோடு இருக்கிறோம்' என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

பொருள்: இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்குப் பின் தங்கள் தங்கை வீடு திரும்புதல்.
பார்வை: நேற்று மாலை தொலைபேசியில் தாங்கள் என்னைத் திட்டியது.

"மாப்ள, உங்களுக்கு வெந்நி வைக்கக்கூடத் தெரியாது. நீங்க எங்க அவளப் பாத்துக்கப் போறீங்க? ஆஸ்பத்திரிலேருந்து நேரா என் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடறேன்" என்று தாங்கள் கூறியதை முழுமையாகக் கேட்டுக்கொண்டேன். தலையில் ஒரு முடிகூட மிச்சமில்லாத என்னை இன்றும் மாப்பிள்ளை என்று அழைப்பதற்கு நன்றி. வெந்நீர் குறித்த குற்றச்சாட்டை மறுக்கவில்லை, எஞ்சியவற்றை மறுக்கிறேன். தங்கள் தங்கை தன் சொந்த வீட்டுக்கே திரும்புவாள். அதற்கான ஏற்பாடுகளை நானே முன்னின்று செய்துவருகிறேன். அவற்றைப் பற்றித் தாங்கள் வேறு வழியில் கேள்விப்படுவதற்கு முன் நானே சொல்லிவிடுவது நல்லது என்று கருதியே இக்கடிதம்.

வீடு திரும்பும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர்களுக்கென்று மருத்துவமனையில் ஒரு வகுப்பு நடத்துகிறார்கள். எலும்பு வார்டின் கடைசியில், எங்கும் போய்ச் சேராத ஒரு மரப் படிக்கட்டை வைத்துக்கொண்டு, பிசியோதெரபி செய்யும் பெண் சொல்லித்தருகிறாள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில், குனியக் கூடாது, தாழ்வான எதிலும் உட்காரக் கூடாது. "நாற்காலி, கட்டில் எல்லாம் நல்ல உயரமா இருக்கணும்" என்றாள். நல்ல உயரம் என்பதற்கு வரையறை என்ன என்று எழுந்து நின்று கேட்டேன். "முட்டி மடிப்புக்குக் கொஞ்சம் மேல, சார்." கொஞ்சம் என்றால்? "சார், நீங்க வக்கீலா?" ஓய்வு பெற்றவன் என்றேன். "அதான பாத்தேன்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டாள். கால் மேல் கால் போடவே கூடாது என்று அவள் எச்சரித்ததைத் தங்கள் தங்கையின் படுக்கையருகே சென்று தெரிவித்தேன். "உங்களக் கட்டிக்கிட்ட நாள்லேருந்து எனக்கு எங்க கால் மேல கால் போட்டு உக்கார நேரம் கிடைச்சுது?" என்று கேட்டாள். பக்கத்துக் கட்டில் அம்மா தையல் பிரிந்துவிடும் அளவுக்குச் சிரித்தார். சிரிக்கக் கூடாது என்று அவருக்கு யாரும் அறிவுறுத்தவில்லை போலும்.

வீட்டில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்ல முயல்கிறேன். கால் தடுக்கக்கூடிய எதுவும் தரையில் இருக்கக் கூடாது என்பதால் மிதியடிகள், விரிப்புகள் அனைத்தையும் சுருட்டிப் பரணில் ஏற்றினேன். குனியக் கூடாது என்பதால் சமையலறைக் கீழ்த்தட்டுப் பாத்திரங்களை இடுப்பு உயரத்துக்கு மாற்றினேன், இடுப்பு உயரத்தில் ஏற்கெனவே இருந்தவற்றுக்கு இடமில்லாமல் போனதால் அவை இப்போது என் புத்தக அலமாரியில், ஒப்பந்தச் சட்டத்துக்கும் சொத்துரிமைச் சட்டத்துக்கும் நடுவில், குக்கர் உட்பட, வசிக்கின்றன. வாக்கர் குளியலறைக் கதவுக்குள் நுழையவில்லை என்று கார்பெண்டரை வரவழைத்தேன், அவர் கதவையே கழற்றிவிட்டார், அங்கே தற்போது ஒரு பழைய போர்வை தொங்குகிறது, உள்ளே இருப்பவர் பாட்டுப் பாட வேண்டும் என்று ஓர் இடைக்கால ஏற்பாடு செய்திருக்கிறேன், வீட்டில் இருப்பது நான் ஒருவன்தான், ஆனாலும் பாடுகிறேன். அப்புறம் கைப்பிடி பொருத்தச் சுவரில் துளை போடும்போது உள்ளே குழாய் போகிறதா என்று கேட்டேன், "அதெல்லாம் இருக்காது சார், என்ன நம்புங்க" என்றார், நம்பினேன், குழாய் இருந்தது. தண்ணீர் எங்கள் இருவர் முகத்திலும் பாரபட்சமின்றி அடித்தது. ஏதோ பசையை அப்பிவிட்டுப் போயிருக்கிறார். இன்னும் சொட்டுகிறது, ஆனால் கௌரவமாகச் சொட்டுகிறது.

நாற்காலிக்கும் கட்டிலுக்கும் அடியில் மரக்கட்டை கொடுத்து உயர்த்துவதுதான் முதன்மையான வேலை. கார்பெண்டர் அளவு கேட்டார். தங்கள் தங்கையோ ஆஸ்பத்திரிக் கட்டிலில். வலியோடு கிடப்பவளை எழுப்பி நிறுத்தி அளக்க எனக்கு மனம் வரவில்லை. சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்று வாழ்நாளெல்லாம் வாதாடியவன், முட்டியின் முன்னும் அப்படித்தான் என்று கருதிவிட்டேன். என் முட்டி மடிப்பிலிருந்து தரை வரை அளந்து, ஐயம் நீங்க மறுபடி அளந்து, அந்தக் 'கொஞ்சம் மேல'வுக்காக இன்னும் சற்றுச் சேர்த்து, கட்டில், நாற்காலி, கழிப்பறை இருக்கை என அனைத்தையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்தேன். ஒவ்வொன்றிலும் நோயாளியைப்போல் முனகியபடி உட்கார்ந்து எழுந்து பார்த்தேன். செய்துவைத்தாற்போல் பொருந்தின. எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, தீர்ப்பு எனக்குச் சாதகமாகவே வரும் என்று மருத்துவமனைக்குச் சென்றேன்.

தங்கள் தங்கை என் தோளுக்குக்கூட எட்டாதவள் என்பது தங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அந்த ஒரு நாள் மட்டும் தெரியாமல் போய்விட்டது.

"இது யாருக்குங்க?"

"உனக்குத்தான்."

"இதுல ஏறுறதுக்கு எனக்கு இன்னொரு நாற்காலி வேணுமே! ஏறி உக்காந்தாலும் கால் ஊஞ்சலாடும்ங்க."

பிசியோதெரபிப் பெண்ணும் எட்டிப் பார்த்தாள். சிரிப்பை விழுங்கிக்கொண்டு, "கால் தரையில ஊணலன்னா இவங்களால எந்திரிக்கவே முடியாது சார். இது சரியாகாம நான் வீட்டுக்கு அனுப்பச் சொல்ல மாட்டேன். இவங்க அண்ணன் வீடு இருக்குன்னாங்களே, வேணும்னா அங்க..." என்று இழுத்தாள். நான் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் அலுத்துப்போய்விட்டது, மைத்துனரே. அவள் இல்லாத வீட்டில் எதை எங்கே வைத்தாலும் அது தப்பான இடமாகவே இருக்கிறது.

தங்கள் தங்கைதான் பேசினாள். "அண்ணன் வீட்டுக்குப் போறேன்னு நான் எப்ப சொன்னேன்? கட்டைய அறுத்து சரிபண்ணச் சொல்லுங்க. அதுவரைக்கும் இங்கயே கெடக்குறேன். போனா எங்க வீட்டுக்குத்தான்." பிறகு என்னைப் பார்த்து, "சாப்பிட்டீங்களா?" என்றாள். குக்கர் எந்தச் சட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று காலையிலிருந்து தேடிக்கொண்டிருப்பதை நான் சொல்லவில்லை. சாப்பிட்டேன் என்றேன். நான் அளித்த பொய்ச் சாட்சியம் அது ஒன்றுதான்.

நாளைக் காலை கார்பெண்டர் ரம்பத்தோடு வருகிறார். ஆகவே, நோயாளியின் விருப்பமே இறுதியானது என்பதாலும், வீடு ஏறக்குறைய ஆயத்தமாகிவிட்டது என்பதாலும், தாங்கள் வர வேண்டாம், வண்டி அனுப்ப வேண்டாம், இதன் மேல் முறையீடு எதுவும் வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் துணைவியாருக்கு என் வணக்கங்கள், பிள்ளைகளுக்கு ஆசிகள். தங்கள் இடுப்பும் முழங்கால்களும் நெடுங்காலம் பழுதின்றி நிலைத்திருக்க வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் மாப்பிள்ளை

பி.கு.: மேற்கண்ட கடிதத்தை உறையிலிட்டு ஒட்டியபின், கை கழுவக் குளியலறைக்குப் போனேன். கௌரவமாகச் சொட்டியதெல்லாம் தரையில் தேங்கியிருந்தது. மிதியடியோ பரணில் இருந்தது. வழுக்கியதும், வகுப்பில் சொன்னபடியே கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டேன். அதுவும் என்னை விடாமல் சுவரைவிட்டுக் கூடவே வந்துவிட்டது. எனக்கும் இடுப்பு மூட்டு மாற்றியாயிற்று. ஒட்டிய உறையைப் பிரித்து, ஆண்கள் வார்டிலிருந்து இதை எழுதுகிறேன். ஆகவே மேலுள்ள பத்திகள் அனைத்தும் ரத்து. உடனே வரவும். வரும்போது பெரிய வண்டியாகக் கொண்டுவரவும். எங்கள் இருவரையும் எங்கள் வீட்டில் இறக்கிவிட்டு, வெந்நீர் வைக்கத் தெரிந்தவர் என்ற முறையில் தாங்களும் அங்கேயே தங்கவும். கட்டைகளில் பாதியை மட்டும் அறுத்தால் போதும் என்று கார்பெண்டரிடம் அன்றே தொலைபேசியில் சொல்லிவிட்டேன். மீதி எனக்குப் பொருந்தும் என்பது ஏற்கெனவே நிரூபிக்கப்பட்டது. இன்று என்னைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் என்ற தகுதியில், தங்கள் தங்கை வாக்கரைத் தள்ளிக்கொண்டு அந்த வகுப்புக்குப் போய்வந்தாள். என்னைப்போல் எழுந்து நின்று எதுவும் கேட்கவில்லையாம். உட்கார்ந்தபடியே ஒன்று மட்டும் சொன்னாளாம்: "யாரோட முட்டிய அளக்கணும்னு இந்தத் தடவ மொதல்லயே சொல்லிடும்மா."