ஜெரண்டுக்காக ஒரு மௌன விரதம்

மௌன விரதம் இருப்பதென்று தீர்மானித்தேன். பக்தியால் அல்ல. ஜெரண்டால்.

குவைத்தில் குண்டு விழுந்தபோதுகூட நான் இப்படி நடுங்கியதில்லை. போருக்குப் பயந்து மயிலாப்பூருக்கே திரும்பி வந்து, பகல் முழுக்க மனைவி நீரஜாவின் சாம்பாருக்கு ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தேன். பொறுத்துப் பார்த்தவள், பத்தாம் வகுப்புக்குப் போகப்போகிற மாடிவீட்டு ஷ்ரேயாவுக்கு என்னை இங்கிலீஷ் கிராமர் வாத்தியாராக்கிவிட்டாள். ஷ்ரேயாவிடம் பயமில்லை. கூடவே வந்து உட்காரப்போகும் அவள் அப்பா கஸ்தூரிரங்கனிடம்தான். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் இங்கிலீஷைச் சிவப்பு மையில் திருத்தித் திருப்பிக் கொடுக்கிற மனுஷர்.

புத்தகத்தைப் புரட்டினேன். அதே ‘இங்’ வாலோடு பெயராக வேலை பார்த்தால் ஜெரண்ட், பெயரடையாகப் பார்த்தால் பார்ட்டிசிப்பிள். எது எப்போது என்பதுதான் விளங்கவில்லை. நான்-ஃபைனைட் கிளாஸ் என்கிற துணை வாக்கியம் மட்டும் உடனே புரிந்தது. தனக்கென்று காலம் கிடையாது, தனியாக நிற்காது, பிரதான வாக்கியத்தை அண்டிப் பிழைக்கும். என் குடும்ப வாழ்க்கைதான்.

நல்லவேளை, அன்றைக்கு ஏகாதசி. உதட்டில் விரல் வைத்தேன்.

“ஏன்னா, மௌன விரதமா? நேத்து தூக்கத்துலகூடப் பேசினேளே.”

காலண்டரில் ஏகாதசியைக் காட்டினேன்.

“பேஷா இருங்கோ. எழுதிக் காட்டலாமோன்னோ?”

கையைக் கட்டிக்கொண்டேன்.

“தலையாட்டலாமோ?”

யோசிக்காமல் ஆட்டிவிட்டேன்.

அதற்குள் கஸ்தூரிரங்கன் மகளோடு வந்துவிட்டார்.

“மாமா, இவர் இன்னிக்குப் பேசமாட்டார். ஷ்ரேயா சொல்லட்டும். சரியா தப்பான்னு தலையாட்டுவார்” என்றாள் நீரஜா.



“ஸ்லீப்பிங் பேபி. ஸ்லீப்பிங் ஜெரண்டா மாமா, பார்ட்டிசிப்பிளா?” என்றாள் ஷ்ரேயா.

ஆமாம் என்றும் இல்லை என்றும் படாமல், நம்மூர் மாதிரி தலையைக் குறுக்கே ஓர் ஆட்டு ஆட்டினேன்.

“பேபி என்ன பண்றதுன்னு சொல்றது. அப்போ பார்ட்டிசிப்பிள்.”

அதே ஆட்டு.

“ஸ்லீப்பிங் பேக்? பை தூங்காது. தூங்கறதுக்கான பை. அப்போ ஜெரண்ட்.”

அதே ஆட்டு. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

“பார்த்தியா, விடையே சொல்லாம உன்னை யோசிக்க வைக்கறார்” என்று உருகினார் கஸ்தூரிரங்கன்.

அப்பாடா என்று மூச்சு விட்டேன். பாதி மூச்சில் நீரஜா ஆரம்பித்தாள்.

“மாமா, பிளாட்ல இருக்கற எல்லாக் குழந்தைகளுக்கும் லீவு முழுக்க, காலம்பரலேர்ந்து சாயந்தரம் வரைக்கும் மொட்டைமாடியில எடுக்கட்டுமே. இவருக்கு இஷ்டமில்லேன்னா இப்பவே ஒரு வார்த்தை சொல்லட்டும்.”

வாயைத் திறந்தேன். எதிரே கஸ்தூரிரங்கன். மூடிக்கொண்டேன். மாட்டேன் என்று தலையாட்டப் பார்த்தேன். பயத்தில் கழுத்து பழைய ஆட்டையே ஆடியது.

“எவ்வளவு பெரிய மனசு” என்று கைகூப்பினார் அவர்.

“கல்யாணமான நாள்லேர்ந்து இப்படித்தான் மாமா” என்றாள் நீரஜா. “நான் சொன்னா மறுபேச்சே கிடையாது.”