எருமைச் சண்டையை விலக்க வந்த பேரரசர்கள்

ஐரோப்பா என்கிற குளிர்தேசத்தில், பனி கொட்டும் ஒரு காட்டில் ஓநாய்ச் சக்கரவர்த்தி ஆண்டுவந்தது. பக்கத்துக் காட்டில் கரடிச் சக்கரவர்த்தி. இரண்டும் உறவுதான். ஓநாயின் அத்தை மகளைக் கரடியின் சித்தப்பாவுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அது எப்படி என்று கேட்கக் கூடாது, அரச குடும்பம்.

ஒரு கல்யாணத்தில் ஓநாய் தன் செல்போனில் குரூப் போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பியது. அதில் கரடியின் கிரீடம் பாதி வெட்டுப்பட்டிருந்தது.

"என் தலையையே வெட்டிய மாதிரிதானே இது?" என்று கரடி உறுமியது.

"போன் சின்னது. உங்கள் தலை பெரியது" என்றது ஓநாய். சமாதானமாகத்தான் சொன்னது. போர் மூண்டுவிட்டது.

ஆனால் எங்கே சண்டை போடுவது? அங்கேயே போட்டால் இரண்டு பேர் தோட்டமும் பாழாகும். இரண்டு அரசர்களுக்கும் ஆலோசனை சொல்லிவந்த நரி தொண்டையைச் செருமியது.

"கடல் தாண்டினால் ஒரு வெயில்காடு இருக்கிறது. பெரிய குளம். கரையெல்லாம் மிளகுக்கொடி. அங்கே வைத்துக்கொள்ளலாமே?"

மிளகு என்று காதில் விழுந்ததும் இரண்டு பேரரசர்களுக்கும் மானம் இன்னும் பலமாகப் போனது.

அந்தக் குளத்தின் கிழக்குக் கரையில் தவசி என்ற எருமைக்கடா இருந்தது. மேற்குக் கரையில் அதன் தங்கை வெள்ளையம்மா; நல்ல கறுப்பு. மத்தியானமானால் இரண்டும் தண்ணீரில் இறங்கி, மூக்கு மட்டும் வெளியே தெரிய ஊர்வம்பு பேசும்.

ஓநாயின் கப்பல் கிழக்கே வந்து இறங்கியது. கரடியின் கப்பல் மேற்கே. தவசிக்குச் சிவப்புத் தொப்பி மாட்டினார்கள், வெள்ளையம்மாவுக்கு நீலத் தொப்பி.

"எதுக்குங்க சண்டை?" என்று தவசி கேட்டது.

"எங்கள் போனைக் குறை சொல்லிவிட்டார்கள்" என்றது ஓநாய்ப்படைத் தளபதி.

"போன்னா என்னங்க?"

"அதுகூடத் தெரியாத உன் காட்டைக் காப்பாற்றத்தான் வந்திருக்கிறோம்."

மாட்டேன் என்றால் குளத்தில் இறங்க விடமாட்டார்கள். தண்ணீர் இல்லாவிட்டால் எருமைக்குத் தோல் வெடித்துவிடும். அதனால் இரண்டும் தொப்பியைக் கழற்றவில்லை.

சண்டை குளத்துக்குள்ளேயே நடந்தது. பீரங்கிப் புகையில் யார் முகமும் தெரியவில்லை. தவசி கண்ணை மூடிக்கொண்டு முட்டியது. எதிரே கால் ஒடிகிற சத்தம். எதிராளி திருப்பி முட்டியதில் தவசியின் கொம்பு முறிந்தது.

"ஐயோ அம்மா!" என்று கத்தியது எதிராளி. தவசிக்குப் பழக்கமான குரல்.

"ஏத்தா, நீயா?"

"அண்ணே!"

இரண்டும் அப்படியே நின்றுவிட்டன. சுற்றிலும் மீன்கள் செத்து மிதந்தன. கரையில் மிளகுக்கொடி கருகிக் கிடந்தது.

மிளகு இல்லை என்று தெரிந்ததும் பேரரசர்களுக்குப் பழைய உறவு ஞாபகம் வந்தது. குளிர்தேசத்தில் சமாதான விருந்து நடந்தது.

"எனக்குக் காலை வெயில் பிடிக்கும். கிழக்குக் கரையைக் கொடுத்துவிடுங்களேன்" என்றது கரடி.

"தாராளமாக. மேற்கு எனக்கு" என்றது ஓநாய். மீன் குழம்பு ஆறுவதற்குள் பேசி முடித்துவிட்டார்கள்.

சேதி கப்பலில் வந்து சேர்ந்த அன்றே கரடிக் காவலர்கள் தவசியைப் பிடித்தார்கள்.

"கிழக்குக் கரை கரடிப் பேரரசின் மண். நீ இந்த மண்ணின் எருமை. உன் பேரரசரையே எதிர்த்துச் சண்டை போட்டிருக்கிறாய். துரோகி!"

"சண்டை போட்டப்போ இது ஓநாய் மண்ணுங்களே?"

"சட்டம் பின்பக்கமாகவும் நடக்கும்."

மேற்கே ஓநாய்க் காவலர்கள் அதே குற்றத்துக்காக வெள்ளையம்மாவை நொண்ட நொண்ட இழுத்துவந்தார்கள். ஆளுக்கொரு சிறை எதற்கென்று இரண்டு பேரரசும் கூட்டாக ஒரே பட்டி கட்டியிருந்தன. அண்ணனையும் தங்கையையும் அதில் அடைத்தார்கள்.

"கொம்பு வலிக்குதா அண்ணே?"

"கொம்பு போனாப் போகுது. உன் கால்?"

"நிக்க முடியல."

தவசி நெருங்கி வந்து, தங்கை சாய்ந்துகொள்ளத் தன் விலாவைக் கொடுத்தது.

வெளியே நரி உரக்க அறிவித்தது: "இந்த எருமைகளின் குடும்பச் சண்டையை விலக்க, கடல் தாண்டிச் சிரமப்பட்ட பேரரசர்களுக்குக் காட்டு மக்கள் வரிசையில் நின்று நன்றி சொல்லிவிட்டுப் போகவும்!"

வரிசை குளத்தைச் சுற்றி வளைந்து நின்றது. முன்னால் போக இடித்துக்கொண்டார்கள்.

நீதி: கூடப் பிறந்தவர்கள் எப்போதும் ஒற்றுமையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால், பாவம், பேரரசர்களுக்குத்தான் அலைச்சல்.