தனபாக்கியம் வகுப்பில் வாழைப்பழம் தின்ற விவகாரம்

புக்கிட் செம்பாக்கா தோட்டம்,
மூன்றாம் டிவிஷன்,
லிங்கி.
17-6-1984, ஞாயிற்றுக்கிழமை

பாசமுள்ள அக்கா முத்தாயிக்கும், மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து காலில் கட்டுப் போட்டிருக்கும் மாமாவுக்கும், தம்பி அர்ச்சுனன் இரு கையும் கூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நான், மயிலம்மாள், மகள் தனபாக்கியம், ஏழு கோழிகள் எல்லாரும் சுகம். எட்டாவது கோழியைப் பற்றிக் கேட்க வேண்டாம், அதை மரநாய் கொண்டுபோய்விட்டது. அங்கே நீங்களும் பிள்ளைகளும் குறையில்லாமல் இருக்க, நம் டிவிஷன் எல்லையில் நிற்கும் முனியாண்டி சாமி பார்த்துக்கொள்வார்.

உன் கடிதம் கிடைத்தது. நீ வேலை செய்யும் சுங்கை காடுட் கம்பெனியில் வருகிற ஜனவரி மாதம் புதிதாக ஆள் எடுக்கிறார்கள் என்றும், சூப்பர்வைசரிடம் சொல்லி பாக்கியத்துக்கு ஓர் இடம் பிடித்து வைத்திருப்பதாகவும், பள்ளிக்கூடத்திலிருந்து வரும் மார்க்குப் புத்தகம் சரியில்லை என்றால் மூன்றாம் படிவத்துப் படிப்போடு நிறுத்தி அவளை அனுப்பிவிடும்படியும் எழுதியிருந்தாய். மயிலம்மாளுக்கும் அதே எண்ணம்தான். ‘எதையும் ஒளிக்காமல் எழுது’ என்று கடைசியில் கோடு போட்டு எழுதியிருந்தாய். ஒளிக்காமல் எழுதுகிறேன்.

மார்க்குப் புத்தகம் பத்து நாளைக்கு முன் வீட்டுக்கு வந்தது. பச்சை அட்டை, உள்ளே எல்லாம் மலாய், எல்லாம் கட்டம். நான் வாயால் பேசும் மலாய் பஸாருக்குப் போதும், கட்டத்துக்குள் இருக்கிற மலாய்க்குப் போதவில்லை. தகப்பன் கையெழுத்துக்கென்று ஒரு கட்டம் விட்டிருந்தார்கள், தீப்பெட்டியில் பாதி கூட இல்லை. நான் முதல் நாள் சாயங்காலம் பழைய காலண்டர் தாளில் பன்னிரண்டு தரம் எழுதிப் பழகிவிட்டு, மறுநாள் குளித்து, நெற்றியில் திருநீறு பூசி, புத்தகத்தில் அர்ச்சுனன் என்று தமிழில் போட்டேன். ‘அர்ச்சு’ வரைக்கும் எனக்கு விட்ட கட்டத்தில் இருந்தது, ‘னன்’ பக்கத்துக் கட்டத்துக்குள் போய்விட்டது. அது தலைமையாசிரியர் கையெழுத்துப் போடும் இடமாம். பாக்கியம் அதைப் பார்த்து, “அப்பா, இப்ப நீங்கதான் பாதி ஹெட்மாஸ்டர்” என்றாள். மார்க்கைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். கீழே பெரிதாக முப்பத்துநாலு, அதற்குப் பக்கத்தில் முப்பத்தெட்டு என்று போட்டிருக்கிறது. முப்பத்தெட்டுக்கு முப்பத்துநாலு! அந்த நாலையும் ஏன் பிடித்து வைத்துக்கொண்டார்கள் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

விவகாரம் எல்லாம் கடைசி வரியில்தான். வகுப்பாசிரியை தன் கையால் எழுதிய வரி: ‘குவாட் பெராங்கான் டி டாலாம் கெலாஸ்.’ இதற்கு அர்த்தம் கேட்டு தோட்ட ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி இராஜமாணிக்கத்திடம் போனேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வெகு நேரம் பார்த்துவிட்டு, “அர்ச்சுனா, குவாட்ன்னா பலம். பெராங்கான்னா நம்ம பீசாங் பெராங்கான், வாழப்பழம். டி டாலாம் கெலாஸ்ன்னா வகுப்புக்குள்ள” என்றார். “அப்ப மொத்தமா என்னங்க?” என்றேன். “ஒம் மக வகுப்புக்குள்ள ஒக்காந்து பலமா வாழப்பழம் திங்குதுலா. இதுல யோசிக்க என்னா இருக்கு?” என்று புத்தகத்தை மூடிக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மயிலம்மாள் உடனே பின்பக்கம் போய், லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் நிற்கும் வாழைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, “நானும் யோசிச்சேன், சீப்பு சீப்பா எப்புடிக் கொறையுதுன்னு” என்றாள். பாக்கியத்தைக் கூப்பிட்டு, வகுப்பில் வாழைப்பழம் தின்பாயா என்று கேட்டோம். அவள் முதலில் என்னைப் பார்த்தாள், பிறகு புத்தகத்தைப் பார்த்தாள், பிறகு மோட்டு வளையைப் பார்த்தாள். “ஆமாப்பா, பசிக்கும்லா” என்றாள். இவ்வளவு பெரிய பொய்யை அவ்வளவு சாதுவாகச் சொல்ல அவளால் முடியும் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. பசிக்கிற பிள்ளையை எப்படித் திட்டுவது? மறுநாளிலிருந்து மயிலம்மாள் ரொட்டியில் இரண்டு துண்டு கூடக் கட்டிக் கொடுத்தாள்.

போன சனிக்கிழமை பெற்றோர்களை எல்லாம் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பிள்ளை தின்றதற்கு வெறுங்கையோடு போய் நிற்பது சரியில்லை என்று, நன்றாகப் பழுத்த ஒரு தார் பெராங்கானை வெட்டிக் கோணியில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். நடத்துநர் தாருக்கும் டிக்கெட் எடு என்றார், அதை மடியில் வைத்துக்கொண்டதும் விட்டுவிட்டார். பாக்கியம் எனக்கு முன் சீட்டில் ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்து உட்கார்ந்து வந்தாள். வழியெல்லாம் ரப்பர் மரங்கள் ஒழுங்காக நிரை நிரையாகத் திரும்பித் திரும்பி ஓடின. அவளுக்குத் தெரியாமல் நானும் அதையே பார்த்துக்கொண்டு வந்ததில் இறங்க வேண்டிய இடம் தாண்டிவிட்டது. இரண்டு பேரும் தாரோடு அரை மைல் திரும்பி நடந்தோம்.

அக்கா, அந்தப் பள்ளிக்கூடம் சின்ன மேட்டின் மேல் இருக்கிறது. வகுப்புக்குள் போனதும் தகப்பன்மாரெல்லாம் அவரவர் பிள்ளை உட்காரும் இடத்தில் உட்கார வேண்டும் என்றார்கள். பாக்கியத்தின் இடம் கடைசிக்கு முந்தின வரிசை, ஜன்னல் ஓரம். சின்ன நாற்காலி. தாரைக் காலடியில் வைத்துவிட்டு உட்கார்ந்து, சும்மா வெளியே பார்த்தேன். கீழே செம்மண் திடல். அதற்கப்பால் நம் தோட்டம் மாதிரி எத்தனையோ தோட்டம், மரத்தின் தலைகள் மட்டும் பச்சைப் பாய் விரித்த மாதிரி தெரிகின்றன. முப்பது வருடமாக நான் அந்த மரங்களை அடியிலிருந்துதான் பார்த்திருக்கிறேன், மேலிருந்து பார்த்ததே இல்லை. ஒரு மேகத்தின் நிழல் அந்தப் பாயின் மேல் மெதுவாக நகர்ந்து போகிறது, தூங்குகிற பிள்ளைக்குப் போர்வையை இழுத்துவிடுகிற மாதிரி. தூரத்தில் லிங்கி ஆறு ஒரு துண்டு தெரிகிறது, வெள்ளையாக, அசையாமல். அதில் மணல் ஏற்றின ஒரு படகு. அது போகிறதா நிற்கிறதா என்று பார்க்கத் தொடங்கினேன். படகில் நானே உட்கார்ந்திருக்கிற மாதிரியும், ஆறு கடலுக்குப் போகிற இடத்தில் பாக்கியம் வெள்ளைச் சட்டையோடு நின்று, ‘இங்கதாம்ப்பா, இறங்குங்க’ என்று கை காட்டுகிற மாதிரியும் தோன்றியது. அங்கே ரப்பர் பால் வாளி இல்லை, கொசு இல்லை, எங்களை மேய்க்கும் மண்டோர் மணியத்தின் விசில் சத்தம் இல்லை. எவ்வளவு நேரம் ஆயிற்றோ தெரியாது.

“பாப்பா தனபாக்கியம்! பாப்பா தனபாக்கியம்!” என்று யாரோ கூப்பிடுகிறார்கள். நாற்பத்தாறு வயது ஆளைப் பாப்பா என்கிறார்களே என்று திரும்பிப் பார்த்தால், மலாயில் தகப்பனுக்கு அதுதான் பேர் என்று அப்புறம்தான் உறைத்தது. வகுப்பே என்னைப் பார்க்கிறது. ஆசிரியை நாலு தரம் கூப்பிட்டுவிட்டாராம். அவர் பெயர் ரோகானி, மலாய்க்கார அம்மா, பிள்ளைகள் சிக்கு ரோகானி என்பார்கள், சிக்கு என்றால் டீச்சர். நான் அவசரமாகத் தாரைத் தூக்கிக்கொண்டு போய் அவருடைய மேசை மேல் வைத்து, “பாக்கியம் தின்னதுக்கு, சிக்கு” என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். அவர் தாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்போதுதான் பக்கத்தில் இருந்த ஒரு மலாய்க்காரர் என் சட்டையைப் பிடித்து இழுத்து, இது நோன்பு மாதம் என்றார். விடியற்காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிற அம்மாவின் மூக்குக்கு நேரே மணக்க மணக்க ஒரு தார் பழத்தைக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன்! எடுத்துவிடவா வைக்கவா என்று தாரின் காம்பைப் பிடித்தபடியே நின்றேன். அவர், “இருக்கட்டும், சாயங்காலம் நோன்பு திறக்கும்போது வீட்டில் எல்லாரும் சாப்பிடுவோம்” என்று சொல்லிவிட்டு, என்னவென்று விசாரித்தார். நான் மார்க்குப் புத்தகத்தைத் திறந்து அந்த வரியைக் காட்டினேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெராங்கான் என்றால் வாழைப்பழம் மட்டும் இல்லையாம். உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டே மனசை எங்கேயோ அனுப்பிவிட்டுக் கனவு காண்பதற்கும் அதுதான் சொல்லாம்.

“உங்கள் மகள் அப்படித்தான். நீங்கள் சற்று முன் உட்கார்ந்திருந்தீர்களே, அதே மாதிரி” என்றார்.

எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. வீட்டிலும் அவள் அப்படித்தான் அக்கா. குழாயடிக்குப் போனால் வாளி நிரம்பி வழிந்து, தண்ணீர் லயத்து வாசல் வரைக்கும் ஓடும், இவள் அது ஓடும் வழியைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். நான் மட்டும் என்ன? போன மாதம் பனிமூட்டத்தில் பாலுக்கு ரப்பர் மரத்தைக் கீறி வெட்டும்போது ஒரு நிரையில் பன்னிரண்டு மரத்தை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டேன். மண்டோர் மணியம் வந்து, “அர்ச்சுனா, ஒடம்பு இங்க இருக்கு, நீ எங்க இருக்க?” என்று கேட்டார்.

சிக்கு ரோகானி என்ன சொன்னார் என்பதை அப்படியே எழுதுகிறேன். இப்படிக் கனவு காண்கிற பிள்ளைகள்தான் தூரமாகப் போவார்கள் என்றார். பாக்கியத்தைப் போல ஒரு பிள்ளை அந்த வகுப்பில் இல்லை என்றார். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும் செவ்வாயும் வியாழனும் பள்ளி விட்டபின் தனி வகுப்பு நடத்தப் போகிறார், அதில் பாக்கியத்தின் பெயரைத்தான் முதலில் எழுதியிருக்கிறார். வருடக் கடைசியில் எஸ்.ஆர்.பி. சோதனை, அதில் தேறினால் நான்காம் படிவம். தேறுவதைப் பற்றி அவருக்குச் சந்தேகமே இல்லை. ‘இப்படி ஒரு பிள்ளையைப் பெற்ற தாயைப் பார்க்க வேண்டும்’ என்று வேறு சொன்னார்.

ஆகவே அக்கா, நீ பட்ட சிரமத்துக்கு நானும் மயிலம்மாளும் கடமைப்பட்டிருக்கிறோம். அந்தக் கம்பெனி இடத்தை வேறு யாராவது கஷ்டப்படுகிற பிள்ளைக்குக் கொடுத்துவிடு. நம் பாக்கியத்துக்கு அது தேவைப்படாது. மாமா காலைத் தொங்கப் போடாமல் நீட்டி வைத்துக்கொள்ளச் சொல். பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். வீட்டில் விளக்கேற்றும்போது எங்களையும் நினைத்துக்கொள். நினைப்பு இருந்தால் பஸ் இல்லாத நாளிலும் லிங்கிக்கும் சுங்கை காடுட்டுக்கும் தூரமில்லை.

இப்படிக்கு,
உன் தம்பி
அர்ச்சுனன்

பி.கு. அக்கா, மேலே உள்ளதை மயிலம்மாளுக்கு முழுதாக வாசித்துக் காட்டியாகிவிட்டது. உனக்கு எழுதுகிற எதையும் காதால் கேட்காமல் அவள் உறையை ஒட்டவிடமாட்டாள். நான் வாயால் சொன்னால் நம்பமாட்டாள், கடுதாசியில் எழுதி வாசித்தால் நம்புவாள். அதற்காகத்தான் அப்படி எழுதினேன். இப்போது அவள் பின்பக்கம் நெத்திலி ஆய்கிறாள். இனிமேல் எழுதுவது உனக்கு மட்டும்.

அது முப்பத்துநாலு மார்க்கு இல்லை. வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள், இவள் முப்பத்துநாலாவது. எட்டுப் பாடத்தில் ஐந்து சிவப்பு மை. சிக்கு ரோகானி சிரித்து முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “உங்கள் மகள் எங்கே போகிறாள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அங்கே எஸ்.ஆர்.பி. சோதனை நடப்பதில்லை” என்றார். செவ்வாய் வியாழன் வகுப்பு கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு இல்லை, தேறாத பிள்ளைகளுக்கு. அது முடிகிற நேரத்துக்கு பஸ் கிடையாது, நான் சைக்கிளில் போய்க் கூட்டிவர வேண்டும். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்றால், கடைசியில் அவர் பாக்கியம் எழுதிய ஒரு கட்டுரையை எடுத்து வாசித்தார். மழையைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னதற்கு நாலு பக்கம் எழுதியிருக்கிறாள். எனக்குப் பாதிதான் விளங்கியது. பால் வடிய மரத்தில் கட்டின மங்குகளில் மழைத்தண்ணீர் விழுந்து, பால் வெட்டுக்குப் போக முடியாத ஒரு அப்பா வாசலில் உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று ஓரிடத்தில் வந்தது. அதற்கு மேல் எனக்குக் காது கேட்கவில்லை.

தேறுவாளா மாட்டாளா, எனக்குத் தெரியாது. அதனால் அந்த இடத்தை யாருக்கும் கொடுத்துவிடாதே. ஜனவரி வரைக்கும் எப்படியாவது பிடித்து வை. தேறினால் எழுதுகிறேன், இல்லாவிட்டால் நானே கூட்டிக்கொண்டு வருகிறேன்.

இதை எழுதும்போதே பின்பக்கமிருந்து மயிலம்மாள், “வாசிச்சு முடிச்சிட்டீங்கள்ல? இன்னும் என்னா எழுதுறீங்க?” என்றாள். மாமாவின் காலை விசாரிக்கிறேன் என்றேன். “விசாரிங்க. அப்படியே அந்த எடத்த வுட்டுற வேணாம்னு முத்தாயி அண்ணிக்கு எழுதிடுங்க” என்றாள். நான் பேனாவை மூடிவிட்டேன். அவள் நெத்திலித் தட்டோடு வாசற்படியில் வந்து நின்றாள். “எனக்கு எழுத்துதான் தெரியாது. செவப்பு தெரியாமலா இருக்கு? பத்து நாளா அந்தப் பொஸ்தகம் சாமி மாடத்துலதான கெடக்கு? புள்ள அந்தக் கிளாசுக்குப் போவட்டும். சைக்கிள்ல நீங்க போவாதீங்க, நடுவழியில எறங்கி மேகத்தப் பாத்துக்கிட்டு நிப்பீங்க. நான் போயி கூட்டியாறேன்.”

“எல்லாம் தெரிஞ்சிருந்தும் நான் வாசிக்கறப்ப ஏன் ஒண்ணுமே சொல்லல?” என்று கேட்டேன்.

“கேக்க நல்லா இருந்துச்சு” என்றாள்.