மாறவர்மன் பிறந்தநாள் ஸ்பெஷல்

இருங்காட்டுக்கோட்டையிலேயே தைரியமான ஆம்பிளை யாரென்று கேட்டால் பாண்டுரங்கன் தன் பெயரைத்தான் சொல்வான், பெண்டாட்டி காவேரி பக்கத்தில் இல்லாதவரை. அன்று அவள் பக்கத்தில்தான் இருந்தாள். அதனால் மனசுக்குள்ளேயே சபதம் போட்டான்: இந்த வாரத்துக்குள் அந்த டச் போன் என் கைக்கு வந்தாகணும்.

வீட்டில் டச் போன் ஒன்றே ஒன்று. போன் கம்பெனியில் வேலை பார்க்கும் காவேரி தன் போனஸில் வாங்கியது. ஷிப்ட் முடிந்து வந்தால் நடிகர் மாறவர்மன் ரசிகர் வீடியோதான். பாண்டுரங்கனிடம் பட்டன் போன். அதில் பாம்பு விளையாட்டைத் தவிர ஒரு இழவும் கிடையாது.

பாண்டுரங்கன் வேலைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டு சிவசங்கர் ஒரு வீடியோ காட்டினான். 'மாறவர்மன் பிறந்தநாள் ஸ்பெஷல்'. மாறவர்மன் சிரிப்பார். உற்றுப் பார்க்கும்போதே ஒரு பேய் அலறிக்கொண்டு பாயும். பாண்டுரங்கன் டிபன் பாக்ஸைக் கீழே போட்டுவிட்டான். சோற்றைப் பொறுக்கும்போதே புத்தி வேலை செய்தது. இதைப் பார்த்தால் காவேரி போனைத் தொடவே மாட்டாள்.

சிவசங்கரைக் கெஞ்சி அவளுக்கு அனுப்ப வைத்தான். காவேரி பார்த்தாள். ஒரே கத்து. அப்படியே பாயில் சாய்ந்தாள்.

பக்கத்து வீட்டு சந்திரம்மாள் வேப்பிலையோடு ஓடி வந்தாள். "பொண்ணு பயந்துகிச்சிப்பா. மூணு வெள்ளிக்கிழமை போற வரைக்கும் அடுப்பாண்ட போவக்கூடாது, கொடம் தூக்கக்கூடாது."

"கம்பெனிக்கு?"

"போலாம். பேய் கம்பெனி கேட்டுக்குள்ள வராது, ஐடி கார்டு கேப்பாங்க."

"அப்ப சமையலு?"

"நீ இன்னாத்துக்குக் கீற?"

"சரி, பேய் பூந்த போன நான் எடுத்துக்கறேன்."

"ஐயே, நாய் கடிச்சா அந்த நாய கண்ணு முன்னாலயே வெச்சிப் பாக்கறதில்ல? போனு அவ கையிலயே இருக்கட்டும்."

மூன்று வாரம் பாண்டுரங்கன் தண்ணி பிடித்தான், துணி துவைத்தான், மாவு அரைத்தான். லுங்கியெல்லாம் நனைந்த ஒரு நாள் காவேரியின் நைட்டியைப் போட்டுக்கொண்டு தோசை வார்த்தான். பாவம், நம்மால்தானே என்று நிஜமாகவே அழுகை வந்தது. படுத்த இடத்தில் அவள் போனை நெஞ்சோடு பிடித்துக் கிடந்தாள்.

மூணாவது வெள்ளி கழிந்தது. கம்பெனி பஸ்ஸில் சிவசங்கர், "ரசிகர் குரூப்ல புதுசு வந்துகீது" என்று போனை நீட்டினான். 'மாறவர்மன் வெற்றி விழா ஸ்பெஷல்'.

"அந்தப் பேய்தான? இனிமே நம்மகிட்ட வேலைக்காவாது," என்றான் பாண்டுரங்கன். பஸ்ஸே எட்டிப் பார்த்தது. மாறவர்மன் சிரித்தார். அடுத்த நொடி திரையில், மூக்கில் மாவும் உடம்பில் பூப்போட்ட நைட்டியுமாக, ஒட்டிக்கொண்ட தோசையைப் பார்த்து அலறும் பாண்டுரங்கன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டான். "நீ பயப்படவே இல்லியா?"

"நாலு வருசமா போன் ஸ்கிரீன் செக் பண்றவ மாமா நானு. எட்டு மணி நேரம் கண்ணு கொட்டாம பாக்கணும். உன் பேய் வர்றதுக்கு முன்னாடியே ஓரத்துல ஒரு பல்லு தெரிஞ்சிச்சு. ரிஜெக்ட் பீஸு."

"அந்த நைட்டி வீடியோவ மட்டும் அழிச்சிடு காவேரி. உன் கால்ல விழறேன்."

காவேரி போனைத் தூக்கிப் பிடித்தாள். "கொஞ்சம் இந்தாண்ட வந்து வுழு மாமா. இங்கதான் வெளிச்சம் கீது."